யூரிக் ஆசிட்: அலோபூரினாலா, பெபுக்ஸோஸ்டாட்டா?

தாமிரபரணி:
வணக்கம். வயது 46. இடது கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து, போர்வை நுனி பட்டாலே உயிர் போகிற வலி. போன வருடம் ஆரம்பித்தது, திரும்பத் திரும்ப வருகிறது. யூரிக் ஆசிட் 9.2, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 1.3. எங்கள் ஊர் டாக்டர் பெபுக்ஸோஸ்டாட் 40 எழுதினார். மைத்துனர் அழைத்துப்போன இன்னொரு டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு இப்போ?" என்று அலோபூரினால் 100 எழுதிவிட்டார். இரண்டு சீட்டும் வீட்டில் கிடக்கிறது, இரண்டையும் நான் தொடவில்லை. தேடிப் பார்த்தால் ஒன்று இதயத்துக்கு ஆகாது என்கிறார்கள், இன்னொன்று தோலை உரித்துவிடும் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்காரன்:
எது நல்லது என்று டாக்டர்கள் சொல்லட்டும் சார். கடையில் நின்று நான் பார்ப்பதைச் சொல்கிறேன். வருகிற சீட்டில் பெரும்பாலும் பெபு 40தான். அலோபூரினால் கேட்டு வருபவர் குறைவு, விலை என்னவோ அதுதான் கம்மி.

பிரச்சினை சீட்டில் இல்லை. வலி வந்ததும் நொண்டிக்கொண்டு வருவார்கள். "பெபு ஒரு பத்து, வலி மாத்திரை ஒரு பத்து" என்பார்கள். பட்டையை வெட்டிக் கொடுப்பேன். பத்து நாளில் வலி போய்விடும், ஆளும் போய்விடுவார். அடுத்த பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அதே காலோடு வந்து, "அந்த மருந்து கேக்கல, வேற கம்பெனி குடுங்க" என்பார்கள். கம்பெனியை மாற்றி என்ன ஆகப் போகிறது?

மூலிகைப்பிரியன்:
இரண்டுமே வேண்டாம். நெருஞ்சில் கஷாயம், முள்ளங்கிச் சாறு, தினம் மூன்று லிட்டர் தண்ணீர். பருப்பு, கீரை, காளான் எல்லாம் நிறுத்திவிடுங்கள். மாத்திரையைத் தொட்டால் ஆயுசு முழுக்க விடாது.

ஸ்டெத்:
பொது மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்து எழுத மாட்டேன், ஆனால் குழப்பத்தைக் கொஞ்சம் தெளிவாக்கலாம்.

மூலிகைப்பிரியன் சார், தண்ணீர் சரி. பருப்பையும் கீரையையும் விட்டுவிடுங்கள், அவை பாவம். 2004இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் இறைச்சியும் கடல் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் கவுட், அதாவது யூரிக் ஆசிட்டால் வரும் இந்த மூட்டு நோய், அதிகம் வந்தது. பியூரின் (உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பொருள்) உள்ள காய்கறிகளால் ஆபத்து கூடவில்லை. ஈரல், மத்தி, நெத்திலி, பீர், இனிப்புக் குளிர்பானம், இவற்றைக் குறைத்தால் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் சுமார் ஒரு புள்ளிதான். 9.2 உள்ளவர் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் 8 பக்கம் வந்து நிற்பார். உடம்பில் உள்ள யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு நம் செல்களே உற்பத்தி செய்வது. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பிரச்சினை அதிகம் உற்பத்தியாவதுகூட இல்லை, சிறுநீரகம் சரியாக வெளியே தள்ளாததுதான்.

இரத்தத்தில் 6.8ஐத் தாண்டினால் யூரிக் ஆசிட் உப்பு கரையாமல் ஊசி ஊசியாகப் படிய ஆரம்பிக்கும். அதனால்தான் இலக்கு 6க்குக் கீழே. மூட்டில் கட்டி கட்டியாகப் படிந்துவிட்டவர்களுக்கு 5க்குக் கீழே. இந்த எண்ணை மனதில் வையுங்கள், மருந்துப் பெயர் அப்புறம்.

தாமிரபரணி, ஒரு கேள்வி. பிரஷருக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மாத்திரைப் பட்டையில் எழுதியிருப்பதை அப்படியே எழுதுங்கள்.

சிங்கைவாசி:
எனக்கும் இதே கதைதான். இங்கே மைக்ரோமோலில் தருவார்கள், எனக்கு 540. அறுபதால் வகுத்தால் உங்கள் கணக்கு வந்துவிடும், கிட்டத்தட்ட 9.

அலோபூரினால் ஆரம்பிக்கும் முன் எச்எல்ஏ-பி 5801 மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்தது. என்னோடு வேலை செய்யும் சீன நண்பருக்கு எடுத்தார்கள், எனக்கு எடுக்கவில்லை. அப்போது பயமாகத்தான் இருந்தது. 100இல் ஆரம்பித்து இப்போது 400 சாப்பிடுகிறேன், அளவு 310க்கு வந்துவிட்டது. பீர் மட்டும் போனது போனதுதான், அந்த வருத்தம் தனி.

தாமிரபரணி:
ஸ்டெத் சார், டெல்மிசார்டன் 40, அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5, இரண்டும் சேர்ந்த மாத்திரை. நாலு வருடமாகச் சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமா?

சிங்கைவாசி அண்ணா, 400ஆ? எங்கள் டாக்டர் 300க்கு மேல் போகவே கூடாது என்றாரே?

ஸ்டெத்:
சம்பந்தம் இருக்கிறது. அந்தத் தயசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றும், ஆனால் யூரிக் ஆசிட்டைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டி, தயசைடு இல்லாத மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். பிரஷர் மாத்திரைகளில் லோசார்டன் யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கும், அம்லோடிபின் ஏற்றாது. சீட்டு எழுதிய இரண்டு டாக்டர்களும் இந்த மாத்திரையைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. காசநோய்க்குப் பைராசினமைடு சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படி ஏறும். அந்த மருந்து முடிந்ததும் தானாக இறங்கிவிடும்.

இப்போது 300 விஷயம். இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தை மருந்தோடு ஒப்பிட்டதே இங்கேதான் கோணலாகப் போனது.

அலோபூரினால் பழைய மருந்து. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் இரத்தப் புற்றுநோய் மருந்தான மெர்காப்டோபியூரின் உடம்பில் சீக்கிரம் சிதையாமல் இருக்க வழி தேடினார்கள். சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கும் பொருள் அப்படித்தான் கிடைத்தது. யூரிக் ஆசிட்டைச் செய்வதும் அதே நொதிதான், எனவே 1966இல் கவுட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டது. இருவருக்கும் 1988இல் நோபல் பரிசு. பெபுக்ஸோஸ்டாட் ஜப்பானிலிருந்து வந்தது, அமெரிக்காவில் 2009இல் அனுமதி. தடுப்பது அதே நொதியைத்தான். வித்தியாசம் எங்கே என்றால், அலோபூரினாலின் வேலை செய்யும் பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறும், பெபுக்ஸோஸ்டாட்டைப் பெரும்பாலும் கல்லீரல் கவனித்துக்கொள்ளும். அதனால்தான் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தாலே பெபு எழுதும் பழக்கம் வந்தது.

2005இல் வந்த ஒப்பீட்டில் 762 பேர். பெபு 80 சாப்பிட்டவர்களில் 53 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள், 120 சாப்பிட்டவர்களில் 62, அலோபூரினாலில் 21 மட்டும். பார்த்தால் பெபுவுக்கு அமோக வெற்றி. ஆனால் அலோபூரினால் கூட்டத்துக்கு 300 மி.கி. என்று கட்டிப்போட்டு, அதற்கு மேல் ஏற்றவே இல்லை. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 800. ஒருவன் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைத்த மாதிரி.

எண்கணக்கு:
ஸ்டெத் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் டாக்டர் இல்லை, புள்ளிவிவரம் என் தொழில். 300ஐக் கட்டிப்போடாமல் ஏற்றிப் பார்த்த ஆய்வும் வந்துவிட்டது. அமெரிக்க முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனைகளில் 940 பேர், முடிவு 2022இல். அலோபூரினாலை 800 வரையும் பெபுவை 120 வரையும் இலக்கை எட்டும்வரை ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் சுமார் 80 சதவீதம் பேர் இலக்குக்கு வந்தார்கள். கடைசிக் கட்டத்தில் வலி திரும்பியவர்கள் அலோபூரினாலில் 36.5 சதவீதம், பெபுவில் 43.5. அலோபூரினால் பெபுவுக்குச் சளைத்ததல்ல என்று முடித்தார்கள். சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் மூன்றாம் நிலைப் பாதிப்பில் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

ஓய்வூதியர்:
நானும் இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். வயது 68. ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பெபு 40 தினமும் போகிறது, அளவு 5.4. வலி வந்து நாளாயிற்று. மேலே தம்பி சொன்ன "இதயத்துக்கு ஆகாது" என்ற செய்தியை என் பையனும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். நிறுத்திவிடவா?

எண்கணக்கு:
ஐயா, அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். அந்தச் செய்தியின் மூலம் 2018இல் வந்த கேர்ஸ் என்ற ஆய்வு. ஏற்கெனவே இதய நோய் உள்ள 6190 கவுட் நோயாளிகள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டு மருந்துக்கும் வித்தியாசமில்லை. இதயக் காரணத்தால் இறந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பெபுவில் 4.3 சதவீதம், அலோபூரினாலில் 3.2. இதை வைத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது.

எனக்கு அந்த ஆய்வில் உறுத்துவது ஒன்று. பாதிக்கு மேல் ஆட்கள் நடுவிலேயே மருந்தை நிறுத்திவிட்டார்கள். 45 சதவீதம் பேர் கடைசிவரை கண்காணிப்பில் இல்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட ஒப்பீட்டுக் கூட்டமும் கிடையாது. அப்படியானால் பெபு கெடுத்ததா, அலோபூரினால் காத்ததா, எப்படிச் சொல்வது?

2020இல் பிரிட்டன், டென்மார்க், சுவீடன் மூன்று நாட்டிலும் சேர்த்து 6128 பேரை வைத்து ஃபாஸ்ட் என்ற ஆய்வு வந்தது. அதில் மரணம் கூடவில்லை. எந்தக் காரணத்தாலும் இறந்தவர்கள் பெபுவில் 7.2 சதவீதம், அலோபூரினாலில் 8.6. என்னைக் கேட்டால் கேர்ஸைவிட ஃபாஸ்டைத்தான் நம்புவேன்.

ஸ்டெத்:
அவ்வளவு சுலபமாக கேர்ஸைத் தள்ளிவிட முடியாது. ஃபாஸ்டில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே இதய நோய் இல்லை, ஆபத்துக் காரணிகள்தான் இருந்தன. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களையும் தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவர்களையும் சேர்க்கவே இல்லை. ஸ்டென்ட் வைத்த ஐயாவுக்கு எந்த ஆய்வு நெருக்கம் என்று பார்த்தால் கேர்ஸ்தான். பிரிட்டனின் 2022 வழிகாட்டி இரண்டில் எதை வேண்டுமானாலும் முதலில் தரலாம் என்கிறது, பெரிய இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அலோபூரினாலை முதலில் வைக்கிறது.

ஐயா, நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் 5.4 சில வாரத்தில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அடுத்த தடவை இதய மருத்துவரைப் பார்க்கும்போது, அலோபூரினாலுக்கு மாறலாமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டு வலியில்லாமல் இருக்கும் மருந்தைத் தொடரச் சொன்னாலும் அதில் தவறில்லை.

எண்கணக்கு:
சரி, ஐயா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதயம் நன்றாக உள்ள நாற்பது வயதுக்காரர்களையும் பெபு என்றால் பயமுறுத்துவது அநியாயம்.

மூலிகைப்பிரியன்:
தோல் உரிவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? என் சித்தப்பா அலோபூரினால் சாப்பிட்டு உடம்பெல்லாம் கொப்புளம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதைப் பார்த்தவன் நான். அதனால்தான் மாத்திரை வேண்டாம் என்கிறேன்.

ஸ்டெத்:
உங்கள் பயம் நியாயமானது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். காய்ச்சல், தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "அலர்ஜிதான், சரியாகிவிடும்" என்று செட்ரிசின் வாங்கிப் போட்டுக்கொண்டு தொடர்வதுதான் ஆளைக் கொல்கிறது. ஒருமுறை அப்படி வந்தவர் மறுபடி அந்த மருந்தைத் தொடவே கூடாது. உங்கள் சித்தப்பா போன்றவர்களுக்குப் பெபு ஒரு நல்ல வழி.

சிங்கைவாசி சொன்ன மரபணு உள்ளவர்களுக்கு இந்தத் தோல் ஆபத்து அதிகம், இது 2005இல் தைவானில் வெளிவந்தது. ஹான் சீனர், கொரியர், தாய்லாந்துக்காரர், ஆப்பிரிக்க அமெரிக்கர், இவர்களுக்கு முதலில் பரிசோதிக்கச் சொல்கிறது அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரியின் 2020 வழிகாட்டி. இந்தியர்கள் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் சிங்கைவாசிக்கு எடுக்காததில் ஆச்சரியமில்லை. ஆரம்ப அளவைக் குறைத்தால் ஆபத்தும் குறைகிறது. 100 அல்லது அதற்குக் கீழே, சிறுநீரகம் நன்றாகப் பழுதானவர்களுக்கு 50. எடுத்த எடுப்பில் 300 கொடுப்பதுதான் வேண்டாத வேலை.

வீட்டுக்காரி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் கணவருக்கு ஆபீஸில் மாஸ்டர் செக்கப் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் 7.6. கால் வலி, கல், எதுவும் கிடையாது. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் வந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே பெபு 40 மூன்று மாதத்துக்கு எழுதிவிட்டார்கள். அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். வேண்டுமா?

ஸ்டெத்:
என் கருத்து, வேண்டாம். 7.6 இருக்கும் பலருக்கு வாழ்நாள் முழுக்க கவுட் வராது. அந்த அமெரிக்க வழிகாட்டியும் அறிகுறி இல்லாதவர்களுக்கு மருந்து தொடங்க வேண்டாம் என்கிறது. ஜப்பானில் மட்டும் பழக்கம் வேறு. பிற நோய்கள் சேர்ந்திருந்தால் 8இலிருந்தே யோசிப்பார்கள். சிறுநீரகத்தைக் காக்கும், இதயத்தைக் காக்கும் என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. 2020இல் அலோபூரினாலை வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகளில் சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை. 2022இல் பிரிட்டனில் இதய நோயாளிகள் ஐயாயிரம் பேருக்கு மேல் தினம் 600 வரை கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பும் குறையவில்லை. எழுதிய டாக்டரிடமே, எதற்காக என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எடையைக் குறைத்தால் அந்த 7.6 தானாகவும் இறங்கும்.

மருந்துக்கடைக்காரன்:
ரிப்போர்ட்டில் சிவப்பாக வந்தால் மாத்திரை, கறுப்பாக வந்தால் ஒன்றுமில்லை. இப்படி வருகிற சீட்டு தினம் பார்க்கிறேன் அம்மா.

ஸ்டெத் சார், ப்ரோபெனெசிட் என்று ஒரு சீட்டு வந்தது. நாலு ஏஜென்சியில் கேட்டும் கிடைக்கவில்லை.

ஸ்டெத்:
அது யூரிக் ஆசிட்டைச் சிறுநீர் வழியாகத் தள்ளிவிடும் ரகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பென்சிலின் பற்றாக்குறையின்போது, கொடுத்த பென்சிலின் சிறுநீரில் போய்விடாமல் தடுக்க என்று தேடியதன் தொடர்ச்சியில் வந்தது. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், கல் இருந்தால் கொடுப்பதில்லை. இதே வகையில் பென்ஸ்ப்ரோமரோன் வலுவானது, ஆனால் கல்லீரலைக் கெடுத்ததால் 2003இல் ஐரோப்பாவில் பல நாடுகளில் எடுத்துவிட்டார்கள். ஜப்பானிலும் சீனாவிலும் இன்னும் ஓடுகிறது. லெசினுராட் 2015இல் அமெரிக்காவில் வந்தது, 2019இல் போயே போய்விட்டது.

எதற்கும் அடங்காமல் விரல் முழுக்கக் கட்டி கட்டியாக இருப்பவர்களுக்குப் பெக்லோட்டிகேஸ் ஊசி இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாய்க்கும் மாட்டுக்கும் இயற்கையாக உள்ள, மனிதன் இழந்துவிட்ட நொதியைத்தான் ஊசியாக ஏற்றுகிறார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ஆகாது. விலையைக் கேட்டால் வலியே பரவாயில்லை என்று தோன்றும்.

யாழ்ப்பாணத்தான்:
ஸ்டெத் ஐயா, என் தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றியது. மாற்றின சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் இருக்க அசாதயோபிரின் எடுக்கிறார். இப்ப யூரிக் அமிலமும் கூடிப்போய்க் கால் வீங்குது. கிளினிக் போக இன்னும் நாள் கிடக்கு. பக்கத்துக் கடையில் அலோபூரினால் வாங்கிக் குடுக்கலாமோ?

ஸ்டெத்:
வேண்டாம், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அசாதயோபிரினைச் சிதைப்பதும் அதே சாந்தீன் ஆக்சிடேஸ்தான். அதைத் தடுத்தால் அசாதயோபிரின் உடம்பில் தேங்கி எலும்பு மஜ்ஜையைப் படுக்க வைத்துவிடும், வெள்ளணுக்கள் சரிந்துவிடும். அலோபூரினால் கட்டாயம் என்றால் அசாதயோபிரினைக் கால் பங்கு அளவுக்குக் குறைத்து, அடிக்கடி இரத்தம் பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள். பெபுவும் அதோடு கூடாது. வலி மாத்திரையும் அந்தச் சிறுநீரகத்துக்கு ஆகாது. கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், மாற்று அறுவை செய்த பிரிவுக்கு இன்றே போன் போடுங்கள்.

யாழ்ப்பாணத்தான்:
நல்லகாலம் கேட்டன். இப்பவே எடுக்கிறன். நன்றி ஐயா.

தாமிரபரணி:
டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன், இரண்டாவது டாக்டரைத்தான். தயசைடு மாத்திரையை மாற்றி லோசார்டன் கொடுத்திருக்கிறார். அலோபூரினால் 100, கூடவே கோல்ச்சிசின் 0.5 தினம் ஒன்று. வலியே இல்லாதபோது கோல்ச்சிசின் எதற்கு? கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஸ்டெத்:
அளவு இறங்கத் தொடங்கியதும் பழைய படிவுகள் கலைந்து, முதல் சில மாதம் வலி வரும். "மருந்து சாப்பிட்டதும் அதிகமாகிவிட்டது" என்று பாதிப் பேர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அதைத் தடுக்கத்தான் கோல்ச்சிசின், மூன்று முதல் ஆறு மாதம். வயிற்றுப்போக்கு வந்தால் சொல்லுங்கள். சளி, தொண்டை வலிக்கு யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால் கோல்ச்சிசின் சாப்பிடுவதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து ஆள் இறந்ததுண்டு.

நடுவில் வலி வந்தாலும் அலோபூரினாலை நிறுத்த வேண்டாம். வலி உள்ள நாளில் இரத்தம் கொடுக்கவும் வேண்டாம், அப்போது அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

சிங்கைவாசி:
எனக்கும் இரண்டாம் மாதம் முழங்கால் வீங்கியது. இங்கே கிளினிக் நர்ஸ் போனில் கூப்பிட்டு "விட்டுறாதீங்க" என்றார். இல்லாவிட்டால் நானும் விட்டிருப்பேன்.

எண்கணக்கு:
நர்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2018இல் பிரிட்டனில் 517 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை நர்ஸ்கள் உட்கார வைத்து நோயை விளக்கி, அளவு பார்த்துப் பார்த்து மருந்தை ஏற்றினார்கள். மறுபாதி வழக்கமான டாக்டரிடம். இரண்டு வருடம் கழித்து இலக்கில் இருந்தவர்கள் நர்ஸ் பக்கம் 95 சதவீதம், டாக்டர் பக்கம் 30. இரண்டு பக்கமும் கிடைத்தது அதே மருந்துகள்தான். ஸ்டெத் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஸ்டெத்:
கோபம் என்ன, உண்மைதானே. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

தாமிரபரணி:
ஐந்து வாரம் ஆகிறது. யூரிக் ஆசிட் 7.4, கிரியேட்டினின் 1.2. தோலில் ஒன்றுமில்லை. ஒருநாள் பெருவிரல் லேசாக முனகியது, அவ்வளவுதான். 200க்கு ஏற்றிக்கொள்ளலாமா?

ஸ்டெத்:
ஏற்ற வேண்டிய நேரம்தான். ஆனால் என் பேச்சைக் கேட்டு ஏற்றாதீர்கள், இந்த ரிப்போர்ட்டோடு அவரிடமே போங்கள். 200க்கு ஏற்றினால் ஒரு மாதம் கழித்து மறுபடி யூரிக் ஆசிட், கிரியேட்டினின். 6க்குக் கீழே வரும்வரை இதுதான் நடைமுறை. 300இலும் வராவிட்டால் 400 போகலாம், பயப்பட ஒன்றுமில்லை.

மருந்துக்கடைக்காரன்:
200 என்று எழுதினால் 100 மாத்திரையே இரண்டாக வாங்குங்கள் சார். 300ஐ வாங்கி உடைத்துக்கொள்ளலாம் என்று சிலர் வருகிறார்கள், பாதி உடைத்தால் 150தான் வரும். ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுங்கள், பத்து பத்தாக வேண்டாம்.